கண்டதும் கருதியதும்

‘நேச்சர்’ என்னும் ஆங்கில அறிவியல் வார இதழின் 1977 மே 26 ஆம் நாள் ஏட்டில், 328 ஆம் பக்கம் தொடங்கி ஐந்து பக்கங்களுக்குள் மூன்று சிறு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாகியுள்ளன. மூன்றும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவை. ஒரே விண்மீனையும் ஒரே கோளையும் பற்றியவை. முதற்கட்டுரை யுரேனஸ் கோளின் வளையங்களைத் தலைப்பிலேயே அறிவிக்கிறது. இரண்டாவதும் அவ்வாறே யுரேனசைச் சுற்றி வளையங்கள் கண்டறியப்பட்டன என்கிறது. மூன்றாவதன் தலைப்போ ‘யுரேனசின் ஒரு புதிய துணைக்கோள்’ என்பது. முன்னிரண்டும் அமெரிக்க, ஆஸ்திரேலிய வானியலாரின் எழுத்து. மூன்றாவது நம் ஜவ்வாது மலையிலிருந்து எழுதப்பட்டது, எழுதியவர்கள் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும்.

ஒரே வானத்தை நோக்கியவர்களுள் இரு சாரார் வளையம் என்றும், ஒரு சாரார் துணைக்கோள் என்றும் எழுத நேர்ந்தது எங்ஙனம்? அறிவியல் வரலாற்றில் இஃது ஓர் அடிக்குறிப்பு அளவினதே. எனினும் மனிதமனம் எவ்வாறு காண்கிறது, எவ்வாறு நினைவிலிருந்து எடுக்கிறது, எவ்வாறு முடிவுக்கு வருகிறது என்பதை ஆராய விரும்புவார்க்கு இம்மூன்று கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படிப்பதினும் சிறந்த பாடம் வேறொன்று எளிதிற் கிடைக்காது. தமிழில் இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியோரிற் பலர் இப்பாடத்தைப் படிக்கவில்லை என்பதே நம் குறை. ‘காவலூர் கண்டது, பெயரை அயலார் கொண்டு போயினர்’ என்ற ஒற்றை வரியோடு அவர்கள் நிறைவடைந்து விடுகின்றனர். அவ்வரி எத்துணை உண்மை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். அன்று வட ஆர்க்காடு மாவட்டம். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். தோல் பதனிடும் தொழிலாலும் இஸ்லாமியாக் கல்லூரியாலும் நம் வாசகர் பலருக்கு வாணியம்பாடி நன்கு அறிமுகமான ஊர். அவ்வூருக்குத் தெற்கே, சாமையும் தேனும் சந்தனமும் விளையும் மலையின்மேல், 1968 இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் வானாய்வு தொடங்கப் பெற்றது. தொடங்கியவர் வைணு பாப்பு. இவர்தம் தந்தையார் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர்; நவாப் ஜஃபர் ஜங் என்னும் பிரபு தம் சொந்த ஆர்வத்தால் தொடங்கி, அவருக்குப் பின் நிஜாம் அரசு ஏற்று நடத்திய கூடம் அது. அதன் நிழலில் வளர்ந்த சிறுவனே பின்னாளில் காவலூரைக் கண்டார் என்பதை நம் இதழ்கள் அடிக்கடி எடுத்துரைப்பதில்லை, ஏனோ தெரியவில்லை.

1972 இல் காவலூருக்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இல் யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னே கடந்து செல்லும் என்பது முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. கோள் விண்மீனை மறைக்கும்போது அதன் ஒளி எவ்வாறு தேய்கிறது என்பதைக் கொண்டு கோளின் அளவையும் அதன் காற்று மண்டலத்தின் தன்மையையும் அறியலாம். அதற்காகவே எல்லாரும் ஆயத்தமாயினர். வளையத்தைத் தேடி எவரும் செல்லவில்லை. ஜேம்ஸ் எலியட் என்னும் அமெரிக்கரும் அவர்தம் துணைவர் இருவரும், 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்திய விமானமொன்றில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தனர். பெர்த் நகரத்தார் தம் கூடத்திலிருந்து நோக்கினர். காவலூரார் தம் மலையிலிருந்து நோக்கினர்.

மறைப்பு நிகழ்வதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சட்டென்று குன்றி மீண்டது. விமானத்தில் இருந்தவர்கள் இவ்வாறு ஐந்து முறை கண்டனர்; கோள் கடந்து சென்ற பின்னர் மறுபுறத்தும் ஐந்து முறை கண்டனர். அவர்களுக்கும் முதலில் எழுந்த எண்ணம் சிறு துணைக்கோள்களைப் பற்றியதே. பின்னர்த் தாள்களை விரித்து, முன்னைய ஐந்தையும் பின்னைய ஐந்தையும் கோளின் நடுவிலிருந்து அளந்து ஒப்பிட்டபோதுதான் இருபுறத் தொலைவுகளும் ஒத்திருப்பது புலனாயிற்று. துணைக்கோள்கள் அவ்வாறு இருபுறமும் அளவெடுத்து நிற்கமாட்டா. எனவே வளையம்.

இதனைப் புரிந்துகொள்ள வானநூல் வேண்டுவதில்லை. இருளில் தொலைவிலுள்ள ஒரு விளக்கை நோக்கி நிற்கிறோம். ஆரக்கால் இல்லாத ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் குறுக்கே நகர்கிறது என்று கொள்க. வட்டை ஒருமுறை விளக்கை மறைக்கும். நடுக்குடம் ஒருமுறை மறைக்கும். மறுபுற வட்டை மீண்டும் ஒருமுறை மறைக்கும். மூன்றையும் கண்டவன் சக்கரம் என்பான். ஒரு மறைப்பை மட்டும் தெளிவாகக் கண்டவன் என்ன சொல்வான்? ஏதோ ஒன்று குறுக்கே போயிற்று என்பான். அந்த ‘ஏதோ ஒன்று’க்கு அவன் என்ன பெயர் இடுவான் என்பது விளக்கைப் பொறுத்ததன்று, அவன் அதுகாறும் எவற்றைக் கண்டு பழகியிருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

காவலூரின் மே மாதக் கட்டுரையின் நிலை இதுவே. 1977 இல் யுரேனசுக்கு ஐந்து துணைக்கோள்கள் இருப்பது தெரிந்திருந்தது. வளையம் என்பதோ சனி ஒன்றற்கே உரிய அணிகலன் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. வியாழனின் வளையம் அறியப்பட்டதே 1979 இல்தான். ஆகவே கோளின் அருகே ஒரு மறைப்பைக் கண்டவர் துணைக்கோள் என எண்ணியது அறியாமையன்று, முறையான அனுமானமே. அதற்காக அவ்விருவரையும் குறை கூறுவது முறையாகாது. ஆனால் அவர்கள் வளையத்தையே கண்டறிந்தார்கள், பிறர் பெயரைத் தட்டிச் சென்றார்கள் என்று எழுதுவது அதனினும் முறையாகாது. அவர்கள் கருவி வளையத்தைப் பதிவு செய்தது; அவர்கள் பேனா துணைக்கோள் என எழுதியது. கண்டது ஒன்று, கருதியது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது, அவர்கள் நேர்மையாக அச்சிட்ட சொல்லை நாமே அழித்துத் திருத்துவதாகும். தம் சாட்சியத்தை ஒருவர் கையொப்பமிட்டுத் தந்தபின் அதனை அவர் சார்பாக மாற்றி எழுத நமக்கு உரிமை ஏது?

அக்கட்டுரையில் நாம் குறை காண்பது தலைப்பில் மட்டுமே. ‘ஒரு மறைப்பு’ என்றோ ‘துணைக்கோளாகலாம்’ என்றோ தலைப்பிட்டிருக்கலாம். பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளவியலார் 1960 இல் செய்து காட்டிய சோதனை ஒன்று இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. இரண்டு, நான்கு, ஆறு என்னும் மூன்று எண்களைக் கொடுத்து, ‘இவை ஒரு விதிக்கு உட்பட்டவை, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள், அவை விதிக்குப் பொருந்துமா என்பதைக் கூறுகிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள்’ என்றார். பெரும்பாலோர் எட்டு, பத்து, பன்னிரண்டு என்றனர். இருபது, இருபத்திரண்டு, இருபத்துநான்கு என்றனர். பொருந்தும், பொருந்தும் என்றே விடை வந்தது. உடனே ‘இரண்டிரண்டாக ஏறும் இரட்டை எண்கள்’ என்று துணிந்து அறிவித்துத் தோற்றனர். விதியோ வெறுமனே ஏறுவரிசை என்பதுதான். ஒன்று, இரண்டு, நூறு என்று எவரேனும் கேட்டிருந்தால் உண்மை நொடியில் வெளிப்பட்டிருக்கும். தம் கருத்து தவறாயின் எவ்வாறு தெரியவரும் என்று வினவ மனம் இயல்பாகவே தயங்குகிறது. தன்னை ஆமோதிக்கும் சான்றுகளையே அது அழைத்து உட்கார வைக்கிறது. காவலூர்க் கட்டுரையிடமும் நாம் கேட்கவேண்டிய கேள்வி, ‘வேறு எதுவாக இருந்தாலும் இதே மங்கல் தோன்றியிருக்குமோ?’ என்பதே.

யுரேனஸ் கோளின் வரலாறு முழுவதுமே இத்தகையது என்பது வியப்பு. 1690 இல் பிளாம்ஸ்டீட் என்னும் ஆங்கில வானியலார் அதனைக் கண்டார். விண்மீன் என்று எண்ணி, ரிஷப ராசியில் 34 ஆம் விண்மீன் என எண்ணிட்டு அட்டவணையில் சேர்த்துவிட்டார். பிரான்சு நாட்டு லெமோனியர் 1750 முதல் 1769 வரை ஏறத்தாழப் பன்னிரண்டு முறை அதனைக் கண்டும் கோள் என உணரவில்லை. 1781 மார்ச் 13 இல் வில்லியம் ஹெர்ஷல் அதனைக் கண்டார். கண்டு, வால்மீன் என்று அறிவித்தார். அதன் பாதையைக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே அஃது ஒரு கோள் என்பது நிலைநின்றது. பழங்காலந்தொட்டு அறியப்பட்ட கோள்கள் சனியோடு முடிந்தன. முடிந்த பட்டியலில் இன்னொன்றுக்கு இடமேது? ஒளி கண்ணில் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஏற்று அமர்த்துதற்கு மனத்தில் இருக்கை இல்லை.

புரூனர், போஸ்ட்மன் என்னும் இருவர் 1949 இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கூடத்துக்குள்ளேயே நிகழ்த்திக் காட்டியது. சிவப்பு நிறத்து ஸ்பேடு, கருப்பு நிறத்து ஹார்ட்டின் எனச் சில சீட்டுகளை நிறம் மாற்றி அச்சிட்டு, நல்ல சீட்டுகளுடன் கலந்து, கணப்பொழுது காட்டினர். (சீட்டாட்டத்துக்கு நாம் பரிந்துரை செய்வதாக வாசகர்கள் எண்ணவேண்டா; சோதனைக்கு அது வசதியாக அமைந்தது, அவ்வளவே.) பார்த்தோர் தயக்கமின்றி அவற்றை வழக்கமான சீட்டுகளாகவே பெயர் சொல்லினர். காட்டும் நேரத்தைக் கூட்டக் கூட்டச் சிலர் குழம்பினர். சிலர் வேதனையே உற்றனர். தாமஸ் கூன் 1962 இல் எழுதிய அறிவியற் புரட்சிகள் பற்றிய நூலில் இச்சீட்டுச் சோதனையும் உண்டு, யுரேனசின் கதையும் உண்டு.

இனி நாம் நம் வீட்டுக்கு வருவோம். நம் இதழ்களில் இப்னுல் ஹைதமைப் பற்றிக் கட்டுரை வராத ஆண்டில்லை. பஸராவில் ஏறத்தாழ 965 இல் பிறந்து கெய்ரோவில் 1040 அளவில் மறைந்தவர், ஒளியியலின் தந்தை, புகைப்படக் கருவிக்கு வழிகோலியவர், கலீபா அல்ஹாக்கிமுக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்தவர். இவ்வளவோடு கட்டுரை முற்றுப்பெறும். பித்தர்போல் நடித்த கதைக்கு ஒதுக்கப்படும் இடத்திற் பாதியேனும் அவர்தம் ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலின் இரண்டாம், மூன்றாம் பாகங்களுக்கு ஒதுக்கப்படுவதில்லை. ஏழு பாகங்கள் கொண்ட அந்நூலில் இவ்விரு பாகங்களே நம் பொருளுக்கு உயிரானவை. கண்ணைப் பற்றிய நூல் என்று பெயர்பெற்ற இது, இங்கே மனத்தைப் பற்றிய நூலாக மாறிவிடுகிறது.

காணுதல் ஒரே செயலன்று என்பது அன்னார் கொள்கை. ஒளியையும் நிறத்தையும் புலன் தானே உணர்கிறது. ஆனால் ‘இன்னது’ என்று அறிவது புலனின் வேலையன்று. முன்பு கண்டதன் உருவம் நினைவில் தங்கியிருக்க, இப்போது காண்பதை அதனோடு ஒப்பிட்டு அறிதல் ஒன்று; இதனை ‘மஃரிபத்’ என்னும் சொல்லாற் குறிக்கிறார். வேற்றுமைகளைப் பிரித்துணர்ந்து ‘கியாஸ்’ வழி முடிவுக்கு வருதல் மற்றொன்று. பழகிய பொருளை மனம் முழுவதும் ஆராய்வதில்லை. ஓர் அடையாளம் கிடைத்தவுடனேயே மீதியை நினைவிலிருந்து நிரப்பிக் கொள்கிறது. இதற்கு அவர் தரும் உதாரணம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவன் தாளில் ‘அப்ஜத்’ என்னும் சொல்லைக் கண்டால், அலிப், பே, ஜீம், தால் என எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்ப்பதில்லை. அதன் வடிவத்தைக் கண்டவுடனேயே இன்ன சொல் என அறிந்து விடுகிறான். மக்தபில் கூட்டிக் கூட்டிப் படித்த காலத்தில் உழைத்தது சிந்தனை. இன்று அந்த இடத்தில் நினைவு அமர்ந்துகொண்டு வேலையைச் சுருக்கிவிட்டது.

இன்னொரு நுட்பம். இவ்வாறு நிகழும் ஆய்வு மிக விரைவானது; ஆதலால் நாம் ஆய்ந்தோம் என்பதையே நாம் அறிவதில்லை என்கிறார். சிறு குழந்தையிடம் ஒரே வகைக் கனிகள் இரண்டைக் காட்டினால், அழகிய கனியை அது எடுத்துக்கொள்ளும். ஒப்பிடாமல் எடுக்க முடியாது. ஆனால் தான் ஒப்பிட்டதைக் குழந்தை அறியாது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘உணர்வறியா அனுமானம்’ எனப் பெயரிட்டுப் புகழ்பெற்ற கருத்துக்கு இஃது எத்துணை அண்மையது என்பதை அறிவுடையோர் உணர்வர். இப்னுல் ஹைதமின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572 இல் அச்சேறியிருந்தது என்பது வரலாறு. அதனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று நாம் எழுதமாட்டோம். அதற்கு வேண்டிய சான்று வேறு. சான்றின்றி ‘எல்லாம் நாமே முதலிற் சொன்னோம்’ என்று எழுதும் வழக்கம், முதலிற் சொன்னவரையே அவமதிப்பதாகும். ஏனெனில் மூன்றாம் பாகம் முழுவதும் பிழைகளைப் பற்றியதன்றோ? புலன் வழிப் பிழை, மஃரிபத்தில் நேரும் பிழை, கியாசில் நேரும் பிழை எனப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தவர் அவர். தொலைவு மிகுந்தாலோ, ஒளி குறைந்தாலோ, பொருள் சிறுத்தாலோ, நேரம் போதாவிட்டாலோ மனம் எங்கே எவ்வாறு வழுக்கும் என்று கணக்கெடுத்தவர். பெரியார் டாலமியின் நூலிலேயே ஐயங்களைத் தொகுத்து, ‘அஷ்ஷுகூக்’ எனப் பெயரிட்டுத் தனிநூல் செய்தவர். அவரைப் போற்றும் கட்டுரையில் ஓர் ஐயமேனும் இல்லாதிருப்பது எவ்வளவு பெரிய முரண்!

அவருடைய பாகுபாட்டைக் காவலூருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒளி குறைந்ததைக் கருவி பிழையின்றி உணர்ந்தது. புலன் வழிப் பிழை அங்கில்லை. பிழை நேர்ந்தது மஃரிபத்தில்: கிடைத்த அடையாளத்தைக் கொண்டு நினைவுப் பேழையைத் திறந்தபோது துணைக்கோள்கள் மேலே இருந்தன, வளையம் ‘சனி’ என்னும் சீட்டு ஒட்டப்பட்டு அடியிற் கிடந்தது. விமானத்தார்க்கு நினைவுப் பேழை வேறன்று. அவர்களும் துணைக்கோளையே முதலில் எடுத்தனர். அவர்களைக் காத்தது கூர்மதி மட்டுமன்று, மறுபுறத்து ஐந்து மங்கல்களும் கைக்கு வந்திருந்தமையே. கியாஸ் செய்வதற்கு இரண்டு பக்கம் வேண்டும். இதனை உணராது ‘அயலார் மூளை, நம்மவர் மூளை’ என்று பேசுவது வீண்.

நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் தலைப்பிறைச் சர்ச்சையும் இவ்விடத்து நினைவுக்கு வராமற் போகாது. இப்னு கல்லிகான் தம் வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். பஸராவில் மக்கள் பிறை பார்க்கக் கூடியிருந்தனர். நூறு வயதை நெருங்கிய நபித்தோழர் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள், தாம் பிறையைக் கண்டதாகக் கூறி அத்திசையைச் சுட்டினார்கள். மற்றவர் எவருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் இருந்தவர் இயாஸ் பின் முஆவியா. பின்னர் அந்நகரின் காஜியாக விளங்கியவர். அவர் முதியவரின் முகத்தை உற்று நோக்கினார். புருவத்திலிருந்து ஒரு நரைமயிர் வளைந்து கண்ணுக்கு முன்னே தொங்கிற்று. அதனைப் பரிவோடு ஒதுக்கிச் சீராக்கிவிட்டு, ‘இப்போது பிறையைக் காட்டுங்கள்’ என்று வேண்டினார். முதியவர் பார்த்தார்கள், பிறை இல்லை.

இந்நிகழ்ச்சியை இயாசின் சமயோசிதத்துக்குச் சான்றாகவே எழுதி வருகின்றனர். அதனினும் ஆழமான ஒன்று இதில் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் வாய்மையை எவரும் ஐயுறவில்லை, ஐயுறவும் இயலாது. அவர்கள் பொய் கூறவில்லை. ஒரு வளைந்த வெண்கோட்டை உண்மையாகவே கண்டார்கள். பிறையை எதிர்நோக்கி நின்ற மனம் அதற்குப் பிறை எனப் பெயர் சூட்டிற்று. வாய்மை வேறு, துல்லியம் வேறு. ஒருவரை மறுப்பதற்கு அவரைப் பொய்யர் ஆக்கவேண்டியதில்லை. பிறை காண்பதில் கருத்து வேறுபட்டவுடன் எதிர்த்தரப்பின் ஈமானையே எடைபோடத் தொடங்கும் நம்மவர், இயாஸ் அந்தப் புருவத்தைத் தொட்ட பரிவை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இவ்வேறுபாட்டை விதியாகவே வகுத்து வைத்தனர். அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தனித்தனியே நோக்கினர்: ஒன்று நேர்மையாகிய ‘அதாலத்’, மற்றொன்று நினைவுத் துல்லியமாகிய ‘லப்த்’. தொழுகையில் நெற்றி தழும்பேறியவராயினும், நினைவு தளர்ந்தவரின் அறிவிப்பை விலக்கி வைக்கத் தயங்கவில்லை. எகிப்தின் காஜியாக இருந்த இப்னு லஹீஆ (மறைவு ஹிஜ்ரி 174) நல்ல எடுத்துக்காட்டு. அவர்தம் ஏடுகள் தீக்கிரையாயின. பின்னர் நினைவை மட்டும் நம்பி அறிவித்தவற்றிற் குழப்பம் நேர்ந்தது. ஆய்வாளர்கள் அவரை அடியோடு தள்ளிவிடவில்லை. முன்னர் அவரிடம் கேட்டோர் யார், பின்னர்க் கேட்டோர் யார் எனப் பிரித்துப் பார்த்தனர். ஒரு மனிதரின் நினைவுக்குக் காலவரம்பு கோடிட்டு, இந்த ஆண்டுவரை நம்பலாம், இதன்பின் எச்சரிக்கை என்று சொல்ல எத்துணை நிதானம் வேண்டும்!

நினைவு என்பது பெட்டியில் வைத்த பண்டமன்று என்பதை மேலையுலகம் சோதனை வழியே கண்டது அண்மையில்தான். கேம்பிரிட்ஜின் பார்ட்லெட் 1932 இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கில மாணவரிடம் படிக்கக் கொடுத்துப் பின்னர் நினைவிலிருந்து எழுதச் சொன்னதைப் பதிவு செய்துள்ளார். குடைமரத் தோணி வெறும் படகாயிற்று. நீர்நாய் போன்ற கடல்விலங்கை வேட்டையாடப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனார்கள். தமக்குப் பழகாததை அவர்களின் நினைவு தமக்குப் பழகியதாக மாற்றித் தைத்துக்கொண்டது. 1974 இல் லோப்டஸ், பாமர் என்னும் இருவர் மோட்டார் விபத்துப் படமொன்றைக் காட்டி வினவினர். கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று சிலரையும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரையும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றனர். மெல்லிய சொல்லைக் கேட்டவர் 50 பேரில் 7 பேரும், வல்லிய சொல்லைக் கேட்டவர் 50 பேரில் 16 பேரும் ஆம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. சாட்சியிடம் வினவுவோன் சொல்லிலேயே விடையைக் கலந்துவிடுகிறான் என்பதற்கு இதனினும் தெளிவு வேண்டுவதில்லை.

முஹத்திதுகள் இவற்றையெல்லாம் முன்பே அறிந்த உளவியலார் என்று கூறிவிட நமக்கும் ஆசை எழுகிறது. ஆயின் அது நேர்மையன்று. அவர்கள் தேடியது மனத்தின் பொது இயல்பையன்று. இன்னார் கூறிய இச்செய்தியை ஏற்கலாமா என்பதையே. அதற்காக அவர்கள் கையாண்ட வழி, பல அறிவிப்புகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தல். விமானத்தார் இருபுற மங்கல்களை ஒத்துப் பார்த்ததற்கும் இதற்கும் உறவு உண்டு. உளவியற் சோதனைக் கூடத்துக்கும் இதற்கும் உள்ள உறவு அவ்வளவு நெருங்கியதன்று.

இவ்வாறு எழுதுவதனால் நினைவாற்றலை நாம் இழித்துரைப்பதாகக் கொள்ளலாகாது. மனப்பாடம் சிந்தனைக்குப் பகை என்று கூறுவது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது; மத்ரஸாவைப் பற்றிப் பேசும்போது இவ்வாக்கு இன்னும் உரக்க ஒலிக்கிறது. கோட்டாறு தந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874 – 1950) 1907 இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்துச் சதாவதானம் நிகழ்த்தினார். அது வெறும் மனப்பாடமா? கேட்ட ஈற்றடிக்கு உடனே வெண்பா பாடவேண்டும். யாப்பை அறியாதவனுக்கு நினைவு எத்துணை வலிதாயினும் பயனில்லை. சேஸ், சைமன் என்னும் இருவர் 1973 இல் சதுரங்க வல்லுநரைச் சோதித்தனர். உண்மை ஆட்டத்தின் நடுவே காய்கள் நின்ற நிலையைச் சில வினாடி காட்டினால் வல்லுநர் புதியவரைவிட மிகப் பல காய்களைச் சரியாக அடுக்கினார்; காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டினால் அவருக்கும் புதியவருக்கும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. அவர் நினைவில் வைத்தது காய்களையன்று, பொருளை. பாவலருக்கு யாப்பு எதுவோ, ஆட்டக்காரருக்கு ஆட்டமுறை அது. நிறைந்த நினைவின்றிச் சிந்தனைக்கு ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. காவலூராரின் பேழையில் வளையம் அடியிற் கிடந்தது பேழை நிறைந்திருந்ததால் அன்று, ஒரே ஒரு வளையந்தான் அதில் இருந்ததால்.

இக்கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி அது. அதே 1977 டிசம்பரில், அதே ‘நேச்சர்’ இதழின் 503 ஆம் பக்கத்தில், பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் மீண்டும் எழுதினர். இம்முறை தலைப்பு ‘யுரேனசைச் சுற்றிச் சனியினதைப் போன்ற வளைய அமைப்பு’. ஏழு மாத இடைவெளியில், அதே இதழில், உலகோர் பார்க்கத் துணைக்கோளை விட்டு வளையத்துக்கு வந்தனர். ஒரு கூடத்தின் தலைவரே முன்வந்து தம் பெயரையும் சேர்த்து அதனை எழுதியதை நாம் பெரிதும் மதிக்கிறோம். இழந்த பெருமைக்காகப் புலம்பும் கட்டுரைகளைவிட இந்த இரண்டாம் கட்டுரை காவலூருக்குப் பெருமை தருவது.

ஆயினும் விமரிசகன் கண் அத்தலைப்பிலும் ஒரு சொல்லிற் சென்று தங்குகிறது: ‘சனியினதைப் போன்ற’. வளையம் என்று ஏற்றுக்கொண்டவுடன் மனம் மறுபடியும் பேழையைத் திறந்திருக்கிறது; அங்கே இருந்த ஒரே வளையம் சனியினுடையது. 1986 ஜனவரி 6 ஆம் நாள் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1982 இல் மறைந்த வைணு பாப்புவின் பெயர் அக்கூடத்துக்குச் சூட்டப்பெற்றது. அதே மாதம் 24 ஆம் நாள் வாயேஜர் 2 விண்கலம் யுரேனசை அணுகிப் படம் எடுத்து அனுப்பியது. வளையங்கள் இருந்தன, அவற்றினிடையே மெல்லிய தூசுப் பட்டைகளும் தெரிந்தன. ஆனால் அகன்று ஒளிரும் சனியின் வளையங்களைப் போன்றவை அல்ல அவை. கரியைப் போற் கறுத்து, பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலமே உடையனவாய், இடையிடையே பெருவெளி விட்டு நின்றன.